நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பனிச்சறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்லாந்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ குயின்ஸ்டவுன், வானகா, மெத்வென் பக்கம் முதல்முறையாகப் பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்களுக்கான பக்கம் இது. விழுந்தால் அடிபடுமா, பயமாக இருக்குமா என்று சரிவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். சரிவில் யாருக்கும் பெரிதாக நாள் கெடுவதில்லை. பனிச்சாலையில் வழுக்காமலிருக்கக் கார்ச் சக்கரத்தில் சுற்றும் டயர் செயினை மாட்டத் தெரியாததும் காலைக் கடிக்கும் பூட்ஸும்தான் நாளைக் கெடுக்கும். ஆகவே இங்கே அவை இரண்டுக்கும் இடம் கூடுதல்.

சீசன் எப்போது?

ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரம் வரை. மலைக்கு மலை ஓரிரு வாரம் முன்பின் இருக்கும். ஜூனில் இயற்கைப் பனி குறைவு; செயற்கைப் பனி போட்ட ஆரம்பநிலைச் சரிவுகள் மட்டும் திறந்திருக்கலாம். ஜூலையில் உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் ஆஸ்திரேலிய விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வகுப்பு, வாடகைச் சாமான், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் வரிசைதான். ஆகஸ்டில் பனித்தளம் நன்றாகக் கட்டியிருக்கும்; வாரநாளில் போனால் கூட்டமும் இருக்காது. தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் போங்கள்.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் படிக்கிறவர்களுக்கு மே மாத விடுமுறை பயன்படாது, அப்போது சீசனே தொடங்கியிருக்காது. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருவதால் சீசனின் வாலைப் பிடிக்கலாம். அப்போது வசந்தகாலப் பனி: காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், பதினொன்றுக்கு மேல் இளகி அருமையாக வழுக்கும், இரண்டு மணிக்குக் கூழாகிவிடும். அந்த மாதத்தில் ஆரம்பநிலைக்காரர்கள் விடியற்காலையில் அடித்துப்பிடித்து ஓடவேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் போனால் போதும்.

எந்த மலைக்குப் போவது?

முதலில் ஒரு விஷயம். இங்கே "ரிசார்ட்" என்று தேடினால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது "ஸ்கீ ஃபீல்ட்". பெரும்பாலான மலைகளில் தங்கும் விடுதி கிடையாது. ஊரில் தங்கி, தினமும் காலையில் மலையேறி, மாலையில் இறங்கவேண்டும். சறுக்குப் பகுதிகள் மரம் வளரும் உயரத்துக்கு மேலே மொட்டையாக இருக்கும். இந்த இரண்டால்தான் சாலையும் வானிலையும் இங்கே இவ்வளவு பெரிய பேச்சாக இருக்கின்றன.

குயின்ஸ்டவுனுக்கு மிக அருகில் இருப்பது கொரோனெட் பீக். 1947இல் கயிறு லிஃப்டுடன் தொடங்கிய, நாட்டின் முதல் வணிக ஸ்கீ ஃபீல்ட் இது. உச்சி 1,649 மீட்டர். சாலை முழுக்கத் தார், பனி இயந்திரங்கள் அதிகம், சில நாட்களில் விளக்கு வெளிச்சத்தில் இரவுச் சறுக்கலும் உண்டு. ஏரிக்கு அந்தப்பக்கம் நிற்கும் ரிமார்க்கபிள்ஸ் 1985இல் திறந்தது. இன்னும் உயரமான, காற்றுக்குச் சற்று மறைந்த கிண்ணம் போன்ற இடம். ஆரம்பநிலைச் சரிவும் டியூபில் சறுக்கும் தடமும் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குடும்பத்தோடு போக வசதி.

வானகா பக்கம் கார்ட்ரோனா. சரிவுகள் அகலமானவை, மிதமானவை, பழகுவதற்கு நல்லவை; ஹாஃப்பைப் (பாதி வெட்டிய குழாய் வடிவப் பனித்தடம்) போன்ற வித்தை மைதானங்களும் அங்கேதான். ட்ரெபிள் கோன் அதே ஊர்தான் என்றாலும் செங்குத்தானது. நடுத்தரத் திறமைக்கு மேல் உள்ளவர்கள்தான் அதை ரசிப்பார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

கிரைஸ்ட்சர்ச்சில் இறங்குகிறவர்களுக்கு மெத்வெனுக்கு மேலே உள்ள மவுண்ட் ஹட். உச்சி லிஃப்ட் 2,086 மீட்டரில் விடுவதால் பனி நம்பகமானது. ஆனால் காற்றுக்கு அடிக்கடி மூடுவதால் "மவுண்ட் ஷட்" என்று பட்டப்பெயரே உண்டு. டெக்காபோ ஏரிக்கு மேலே இருக்கும் ரவுண்ட்ஹில் சின்னது, சாவகாசமானது. பெரியவர்கள், சிறு பிள்ளைகள் எல்லோருமாகப் போகும் முதல் பயணத்துக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது.

கிளப் ஃபீல்ட் என்கிறார்களே, அது என்ன? "நட்கிராக்கர்" என்றால்?

கேண்டர்பரி மலைகளில் உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் சின்ன இடங்கள்: கிரெய்கிபர்ன், ப்ரோக்கன் ரிவர், டெம்பிள் பேசின், மவுண்ட் ஒலிம்பஸ் போன்றவை. விலை குறைவு, கூட்டம் கிடையாது, நாற்காலி லிஃப்டும் கிடையாது. டெம்பிள் பேசினில் சாலையிலிருந்து மேலே போகச் சாமான்களுக்குத்தான் லிஃப்ட். ஆட்கள் சுமார் ஒரு மணிநேரம் நடந்தே ஏறவேண்டும்.

இங்கே மேலே ஏற்றுவது வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கயிறு. இடுப்பில் வார்ப்பட்டை கட்டித் தருவார்கள். அதிலிருந்து குட்டைக் கயிற்றில் பாக்குவெட்டி மாதிரியான இரும்புக் கவ்வி தொங்கும், அதுதான் நட்கிராக்கர். முதலில் கையுறையால் கயிற்றை மெல்லப் பிடித்து, கயிறு வழுக்க வழுக்கப் பிடியை இறுக்கி, அதன் வேகத்துக்கு வரவேண்டும். வேகம் சேர்ந்ததும் மறுகையால் கவ்வியைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டு, கைப்பிடியை மூடிப் பிடித்துக்கொள்ளவேண்டும். பாரம் இடுப்புக்குப் போய்விடும். வழியில் கப்பிகள் வரும். கவ்வி அவற்றின்மேல் தடதடவென்று ஏறிப்போகும். அந்த நேரத்தில் விரல் கயிற்றில் இருக்கக்கூடாது. எல்லோரும் செய்யும் தப்பு, வேகம் சேருமுன்பே கவ்வியைப் போடுவது. இடுப்பு ஒரு வெட்டு வெட்டி இழுத்து ஆளைக் குப்புறத் தள்ளும். சாதாரணக் கையுறை ஒரே நாளில் தேய்ந்து ஓட்டையாகும் என்பதால் மேலே போடத் தடித்த தோலுறையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். துப்பட்டா, மஃப்ளர், தொங்கும் கூந்தல், ஜாக்கெட் நாடா எல்லாம் உள்ளே போகவேண்டும். சறுக்கத் தெரிந்தபின் போகவேண்டிய இடம் இது.

டயர் செயின் கட்டாயமா? எப்படி மாட்டுவது?

மலைப்பாதை அடிவாரத்தில் அன்றைய நிலையைப் பலகையில் போட்டிருப்பார்கள். செயின் காரில் இருக்கவேண்டும், செயின் மாட்டியே ஆகவேண்டும், நான்கு சக்கர இயக்க வண்டி மட்டும் என்று படிப்படியாக இருக்கும். குளிர்காலத்தில் செயின் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பப்படலாம்.

செயின் வாடகைக்கு எடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள், உதாரணத்துக்கு 205/55 ஆர்16. கார் மாதிரியின் பெயர் மட்டும் போதாது. ஒரே காருக்கு இரண்டு மூன்று டயர் அளவுகள் வரும். கடை வாசலிலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அங்கே பத்து நிமிடம் ஆகிற வேலை, சேற்றுப்பனியில் மண்டியிட்டு, விரல் மரத்துப்போய், பின்னால் பத்துக் கார் நிற்கும்போது முக்கால் மணிநேரம் ஆகும். கூடவே ஒரு பழைய கால்மிதி, ரப்பர் கையுறை, டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சக்கரம்? எஞ்சின் எதை ஓட்டுகிறதோ அதற்கு. சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இயக்கம், ஆகவே முன்னால். பின்சக்கர இயக்க வேனுக்குப் பின்னால். நான்கு சக்கர இயக்க வண்டிக்கு அதன் கையேடு சொல்வதுதான் கணக்கு. முன்சக்கர இயக்கக் காரில் பின்னால் மாட்டிக்கொண்டு, ஏன் ஏறவில்லை என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

வாடகையில் பொதுவாகக் கிடைப்பது வளைய வகை. மாட்டும் முறை இது:

1. செயின் மாட்டுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்துங்கள், வளைவில் வேண்டாம். எச்சரிக்கை விளக்கு, கைப்பிரேக், கியர் (ஆட்டோமேட்டிக் வண்டியில் "பி").
2. செயினைத் தரையில் விரித்து முறுக்கை எடுங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பரைக் குத்தும்.
3. வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் டயரின் உச்சியில் கோத்துவிட்டு, வளையம் முழுவதையும் டயருக்குப் பின்பக்கம் தள்ளுங்கள்.
4. முன்பக்க மேல் கொக்கியை மாட்டுங்கள். பிறகு இறுக்கும் சங்கிலியை அதன் பூட்டு வழியாக இழுத்து, மிச்ச முனையை அதற்குரிய கொக்கியில் மாட்டுங்கள்.
5. ஐம்பது, நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சக்கரம் சுற்றியதும் செயின் தானாகவே டயரில் சீராகப் படிந்து தளரும். சக்கர வளைவில் "டப் டப்" என்று அடிக்கும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். தளர்ந்த முனை பிரேக் குழாயையே அறுத்துவிடும். வேகம் 30 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கட்டும். பனி முடிந்து வெறும் தார் வந்ததும் கழற்றிவிடுங்கள், வெறும் சாலையில் ஓடினால் செயின் தெறிக்கும்.

இறங்கும்போது பிரேக்கை நம்பவேண்டாம். தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினைக்கொண்டு வண்டியை அடக்குங்கள். நிழல் விழும் வளைவுகளில் ஈரத்தார் மாதிரி மினுங்குவது பெரும்பாலும் கருப்பு ஐஸ். அங்கே பிரேக் மிதிப்பதும் ஸ்டீயரிங்கை வெட்டுவதும் ஆகாது.

டீசல் வண்டி, இரவு நிறுத்துவது இதற்கெல்லாம் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். வெப்பமான பகுதியில் நிரப்பிய டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து வடிகட்டியை அடைக்கும், காலையில் வண்டி கிளம்பாது. மலையூரை எட்டியதும் அங்கே விற்கும் குளிர்கால டீசலை நிரப்பிவிடுங்கள். இரவில் சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, கைப்பிரேக்கைப் போடாமல் இருங்கள். ஈரமான பிரேக் கட்டை உறைந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் உறைபனி இருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினாலே போதும்.

காரே வேண்டாம் என்றால்?

குயின்ஸ்டவுன், வானகா, மெத்வென் மூன்றிலிருந்தும் சீசனில் மலைக்குப் பேருந்து ஓடும். முதல் பயணத்துக்கு அதுவே நல்ல வழி. வாடகைக் கார் எடுத்தாலும், சில ஒப்பந்தங்களில் ஸ்கீ ஃபீல்ட் சாலைகளுக்குக் காப்பீடு செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

காலையில் எழுந்து என்ன பார்க்கவேண்டும்?

அந்த மலையின் பனி அறிக்கையை. சாலை நிலை, காற்று, லிஃப்டுகளின் நிலை, இந்த வரிசையில் படியுங்கள். பனி எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். ஒரு மீட்டர் பனி இருந்தாலும் வடமேற்குக் காற்று வீசினால் லிஃப்ட் நிற்கும். டாஸ்மன் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று, மலைத்தொடரின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கில் சூடாகவும் மூர்க்கமாகவும் இறங்கும். அது ஓய்ந்து தெற்குக் காற்று திரும்பியதும் குளிரும், பெரும்பாலும் புதுப்பனியும் வரும். தெற்குக் காற்றுக்கு மறுநாள் காலை வானம் தெளிந்தால் அதுதான் சீசனின் நல்ல நாள்.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. நாம் மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதையும் பனி என்போம், இதையும் பனி என்போம். அறிக்கையிலோ பொடி, அழுத்திச் சமன்செய்தது, இறுகியது, ஈரமானது என்று தனித்தனியாக இருக்கும். "இறுகியது" என்று போட்டிருந்தால் ஐஸ் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மரமே இல்லாத மலை என்பதால் மேகம் கவிந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. நின்றுகொண்டிருக்கிறோமா நகர்கிறோமா என்பதே சிலருக்குக் குழம்பும். அப்படியான நாளில் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு லென்ஸ் கண்ணாடி கொஞ்சம் உதவும். தடத்தின் ஓரக் கம்பங்களை ஒட்டியே இறங்குங்கள்.

குளிர் இருந்தால் இயந்திரத்தால் பனி செய்துகொள்ள வேண்டியதுதானே?

குளிர் மட்டும் போதாது, காற்று உலர்ந்தும் இருக்கவேண்டும். பனி பீரங்கி தண்ணீரை நுண்துளியாகத் தெளிக்கும். துளியின் ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தைக் குளிரவைத்து உறையச் செய்கிறது. அதனால் இயக்குபவர்கள் பார்ப்பது ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலையை. அது சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே வரவேண்டும். காற்றின் வெப்பநிலை 0 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 4ஐ ஒட்டி வரும், பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்திருந்தால் செய்ய முடியாது.

பூட்ஸ் ஏன் இப்படி வலிக்கிறது? பெரிய அளவாக எடுத்தால் சரியாகுமா?

ஆகாது, இன்னும் மோசமாகும். அளவு பெரிதானால் குதிகால் உள்ளே தூக்கும். தூக்குகிறதே என்று கொக்கிகளை இறுக்குவீர்கள். பாதத்தின் மேல்பக்கம் நசுங்கி விரல் மரத்துப்போகும். கால் மரத்தால் சறுக்குக்கட்டை திரும்பாது, விழுவீர்கள். முதல்நாள் வேதனையில் பாதி இந்தச் சங்கிலிதான்.

ஸ்கீ பூட்ஸ் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீண்ட விரல் நுனிவரை தாளில் குறியிட்டு அளங்கள். 26.5 வந்தால் 26.5 கேளுங்கள். 26ம் 26.5ம் ஒரே வெளி ஓடுதான் என்பதால் அரை அளவுக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். நீளத்தைக் கூட்டாமல் அகலமான மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

போடும்போது எல்லாக் கொக்கிகளையும் திறந்து, நாக்கை முன்னால் இழுத்து, காலை விட்டபின் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்காலை முன்னால் வளைத்தபடி கணுக்கால் பக்கத்துக் கொக்கியை முதலில் போடவேண்டும், அடுத்து மேல்கொக்கி. விரல்பக்கக் கொக்கிகள் சும்மா பிடித்திருந்தால் போதும். சரியான பொருத்தம் எப்படி இருக்கும் என்றால், நேராக நின்றால் விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும், முழங்காலை வளைத்தால் தொடாது, குதிகால் அசையாது.

உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ் மட்டும். இரண்டு சாக்ஸ் போட்டால் சூடு வராது. மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். தெர்மல் பேன்ட்டின் கால் முனையையும் பூட்ஸுக்குள் செருகாதீர்கள். அரை சென்டிமீட்டர்த் தையல் விளிம்பு மதியத்துக்குள் முழங்காலுக்குக் கீழே கத்தி மாதிரி அழுத்தும்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது எல்லாம் ஏன் கேட்கிறார்கள்?

பூட்ஸைக் கட்டையோடு பிடிக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் விடுபடவேண்டும் என்று கணக்கிட. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், உங்கள் திறமை ஐந்தும் அதற்குத் தேவை. வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும். பெருமைக்குத் திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது, முழங்கால் திருகும். இரண்டாவதுதான் ஆபத்து.

மாட்டும்போது சரிவுக்குக் குறுக்காகக் கட்டையை வைத்து, கீழ்ப்பக்கக் கட்டையை முதலில் மாட்டுங்கள். பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு, விரல்பக்கம் முதலில், பிறகு குதிகாலை அழுத்தினால் "க்ளிக்". க்ளிக் வராவிட்டால் பத்தில் ஒன்பது தடவை அடியில் பனி இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீ என்றால் காலுக்கொரு கட்டை, ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலுக்கும் ஒரே பலகை. ஒன்றிரண்டு நாள்தான் என்றால் ஸ்கீ. முதல்நாள் மதியமே மெல்ல இறங்கிவிடலாம். போர்டில் முதல் இரண்டு நாள் உட்கார்ந்தே விழுவீர்கள், பிறகு திடீரென்று பிடிபடும். போர்டில் மணிக்கட்டுதான் முதலில் உடையும். மணிக்கட்டுக் காப்பு வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். விழும்போது கையை ஊன்றாமல் முஷ்டியாக மடக்கி முன்கையில் விழப் பழகுங்கள்.

என்ன உடுத்துவது?

ஜீன்ஸ், பருத்தி பனியன் கூடவே கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பை ஒட்டி மெரினோ அல்லது பாலியஸ்டர் தெர்மல், மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட். அவை இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் சொந்தமாக வாங்குவது நல்லது. கம்பளிக் கையுறை அரைமணியில் நனைந்துவிடும், வேண்டாம். ஹெல்மெட் வாடகைக்கு எடுங்கள்.

சன்ஸ்கிரீன் மறக்கக்கூடாது. புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் கீழும் பூசுங்கள், கதிர் கீழிருந்தும் வருகிறது. கருத்த தோலும் எரியும், கண்ணும் எரியும். கண்ணாடி இல்லாமல் ஒருநாள் சுற்றினால் இரவில் கண்ணில் மணலைப் போட்டதுபோல் வலிக்கும்.

வகுப்பு அவசியமா? தெரிந்தவர் சொல்லிக் கொடுத்தால் போதாதா?

வகுப்பில் சேருங்கள். கணவர் மனைவிக்கும் அண்ணன் தம்பிக்கும் மலையில் பாடம் எடுத்தால் சண்டையில் முடியும். முதல்முறைக்காரர்களுக்கென்று வகுப்பு, சாமான், ஆரம்பநிலை லிஃப்ட் மூன்றும் சேர்ந்த தொகுப்பு பெரும்பாலான மலைகளில் உண்டு. முழு மலைக்கான டிக்கெட்டை முதல்நாள் வாங்குவது வீண்.

அங்கே முதலில் சொல்லித்தருவது கட்டைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, "பீட்சா துண்டு" வடிவில் வேகத்தைக் குறைப்பது. எல்லோரும் செய்யும் பிழை, பயத்தில் பின்னால் சாய்வது. சாய்ந்தால் பாரம் கட்டையின் வாலுக்குப் போகும், முன்நுனி பிடிப்பை இழக்கும், வேகம் கூடும். பூட்ஸின் முன்நாக்கை முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பால் அழுத்திக்கொண்டே இருங்கள். அந்த அழுத்தம் இருந்தால்தான் பீட்சா வேலை செய்யும்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள். எழும்போது கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளாமல் எவ்வளவு முயன்றாலும் நடக்காது.

லிஃப்டில் ஏறுவது எப்படி?

ஆரம்பத்தில் "மேஜிக் கார்பெட்": விமான நிலையத்து நகரும் பட்டை மாதிரி, ஏறி நின்றால் போதும். தட்டு லிஃப்டில் காலிடுக்கில் ஒரு வட்டத்தட்டு வரும். இருக்கை என்று நினைத்து உட்கார்ந்தால் தரையில்தான் இருப்பீர்கள். நின்றபடியே இழுபட வேண்டும். நாற்காலி லிஃப்டில் குச்சிகளை ஒரு கையில் பிடித்து, முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைத்து, பின்னால் திரும்பிப் பார்த்து உட்காருங்கள். இறங்கும் இடத்தில் கட்டை நுனியைத் தூக்கி, எழுந்து, நேராக வழுக்கிப் போய் ஒதுங்குங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று குடும்பத்தைத் தேடினால் அடுத்த நாற்காலி உங்கள் மேல்தான் வரும்.

சரிவில் ஒரே முக்கிய விதி: உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே வழியுரிமை. மேலிருந்து வருபவர்தான் ஒதுங்கவேண்டும்.

அடிபட்டால் செலவு?

நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கும் உதவும். யார் தவறு என்று கேட்காது. அதே காரணத்தால், காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் பொதுவாக முடியாது. ஆனால் நோய்க்கோ, தவறவிட்ட விமானத்துக்கோ, காலில் கட்டுடன் ஊர் திரும்பும் செலவுக்கோ, ஊரில் இழந்த சம்பளத்துக்கோ அது வராது. பயணக் காப்பீடு எடுங்கள். பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, தடத்துக்கு வெளியே சறுக்கினால் செல்லுமா என்ற இரண்டு வரியையும் தேடிப் படியுங்கள்.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே அழகான புதுப்பனி தெரிகிறதே?

அங்கே பனிச்சரிவு அபாயம் உண்டு. எல்லைக்குள் ஸ்கீ பேட்ரோல் குழுவினர் காலையிலேயே வெடிவைத்துத் தளர்ந்த அடுக்குகளை விழவைத்திருப்பார்கள், வெளியே அது நடக்காது. பலகையாகப் பெயரும் பனி பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில் நகரும், அதாவது சறுக்க ஆசையாக இருக்கும் அதே சரிவில். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கவேண்டும். வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வராது, கூட இருப்பவர்தான் எடுக்கவேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் இருக்கவேண்டும், பயன்படுத்தவும் தெரியவேண்டும். மவுண்டன் சேஃப்டி கவுன்சில் வட்டாரவாரியாக ஐந்து நிலைகளில் அபாய அறிவிப்பு வெளியிடுகிறது. மூன்றாம் நிலையைப் "பாதிதானே" என்று எண்ணாதீர்கள்.

சாப்பாடு? ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுவரலாமா?

மலை உணவகத்தில் சிப்ஸ், பை, சூப் கிடைக்கும். சைவத்துக்குத் தெரிவு குறைவு, விலை ஊரைவிட அதிகம். பெரும்பாலோர் சாண்ட்விச்சும் பிளாஸ்க்கும் கொண்டுபோவார்கள். பிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுபோனவர்கள் பிறகு காப்பிக்கு மாறுவதில்லை.

உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. அறிவிக்காமல் பையில் ஒரு ஆப்பிள் இருந்தால்கூட அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். பச்சைக் கறிவேப்பிலை, பழம் வேண்டாம். பயன்படுத்திய மலையேற்ற ஷூ, கூடார சாமான் இருந்தால் மண்ணைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அதையும் அறிவிக்கவேண்டும்.

சறுக்க விரும்பாத பெரியவர்கள் என்ன செய்வது?

டெக்காபோவில் வெந்நீர்க் குளமும் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. கார்ட்ரோனாவுக்கு எதிர்ப்பக்க மலையில் ஸ்னோ ஃபார்ம்: சமதளப் பனியில் நடைபோலச் செல்லும் ஸ்கீ, பனிக்காலணி நடை. சறுக்கைவிட இதில் மூச்சுத்தான் அதிகம் வாங்கும். ஒட்டாகோ வட்டாரத்தின் உட்பகுதியில் நேஸ்பி என்ற சின்ன ஊரில் கர்லிங் (ஐஸின்மேல் கல்லை வழுக்கிவிடும் ஆட்டம்) ஆட உள்ளரங்கமும், சின்னச் சறுக்குவண்டியில் இறங்கும் 360 மீட்டர் இயற்கை லூஜ் தடமும் உண்டு.

ஆக்லாந்தில் முன்கூட்டியே பழக முடியுமா?

முடியும். சில்வர்டேலில் ஸ்னோபிளானட் என்ற உள்ளரங்கச் சரிவு ஆண்டு முழுவதும் இயங்குகிறது. இரண்டு வகுப்பு அங்கே முடித்துவிட்டுத் தெற்கே போனால், மலையில் ஒருநாள் மிச்சம்.

இந்தச் சின்ன நாட்டில் பெரிய வீரர்கள் வந்திருக்கிறார்களா?

1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டியில் அனெலிஸ் கோபர்கர் வெள்ளி வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தென்னரைக்கோளத்துக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. நாட்டின் முதல் தங்கம் 2022 பெய்ஜிங்கில், ஸ்னோபோர்டில் ஸோயி சடோவ்ஸ்கி-சினாட். அதே ஒலிம்பிக்கில் நிக்கோ போர்ட்டியஸ் ஸ்கீ ஹாஃப்பைப்பில் இன்னொரு தங்கம் வென்றார்.

கார் நிறுத்துமிடத்தில் பச்சைக் கிளி ஒன்று காரைக் கொத்துகிறதே?

அது கியா, மலையில் வாழும் கிளி, பாதுகாக்கப்பட்ட இனம். வைப்பர் ரப்பர், கதவு ஓர ரப்பர், ஏரியல், முதுகுப்பை ஜிப் எல்லாவற்றையும் உரித்துப் பார்க்கும். ஒன்று உங்கள் முன்னால் நின்று தலையைச் சாய்த்து வேடிக்கை காட்டும்போது இன்னொன்று பின்னால் சாப்பாட்டுப் பையைத் திறந்துகொண்டிருக்கும். தீனி போடாதீர்கள், மனிதச் சாப்பாடு அதற்கு ஆகாது, பழகிவிட்டால் அடுத்த காரையும் விடாது. ஜன்னலை மூடி, கூரையில் எதையும் வைக்காமல் போங்கள். திரும்பி வந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் வைப்பரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.